ஞாயிறு காலை, கேமராவும் கையுமாக

கேள்வி: பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அண்ணன் தந்த பழைய கேமரா கையில் இருக்கிறது. ஞாயிறு காலையில் 2 மணி நேரம் எனக்கென்று கிடைக்கும். “இந்தச் சின்னத் தீவில் இன்னும் எடுக்காத இடம் எது மிச்சம்?” என்கிறார் கணவர். எங்கே தொடங்கலாம்?
— ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: மரினா பே இப்போதைக்கு வேண்டாம், அம்மா. உங்களுக்குப் பக்கத்திலேயே செம்பவாங் பூங்கா இருக்கிறதே! அங்குள்ள பழைய படகுத்துறைக்கு இருட்டோடு இருட்டாகத் தூண்டில்காரர்கள் வந்துவிடுவார்கள். எதிரே ஜொகூர் நீரிணை. அக்கரையில் மலேசியாவின் பாசிர் கூடாங் விளக்குகள்.

முதல் 6 மாதம் நான் அந்தப் படகுத்துறையைத் தவிர வேறெங்கும் போகவில்லை. தொடக்கத்தில் எடுத்த படங்களில் வெறும் கடல்தான் இருந்தது. நாலாவது வாரம்தான், ஒரு தாத்தா ஐஸ் பெட்டியின் மூடியில் இரைக்கான இறாலை வரிசையாக அடுக்குவது கண்ணில் பட்டது. பிறகொரு நாள் மழை பிடித்துக்கொண்டது. தாத்தா அதே மூடியைத் தலைக்கு மேல் பிடித்தபடி, தூண்டிலை விடாமல் நின்றார். அந்தப் படம் இன்றும் என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. படகுத்துறையை ஆயிரம் பேர் எடுத்திருக்கலாம், அந்த மூடியை எடுத்தது நான் ஒருத்திதான் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

6.30 மணிக்கே அங்கே இருங்கள். பூமத்திய ரேகை நமக்குச் சுமார் 137 கிலோமீட்டர் தெற்கேதான். வருடம் முழுக்கச் சூரியன் 7 மணியை ஒட்டியே எழும். ஆனால் நெட்டுக்குத்தாக ஏறிவிடுவதால் விடியலின் அந்த நீலம் 20 நிமிடம் நின்றாலே அதிகம். லென்ஸ் மூடியைக் கழற்றி, பட்டையை மாட்டி என்று நிற்பதற்குள் போய்விடும். 9 மணிக்கு மேல் முகங்களில் கண்குழி கறுத்து விழும், பையைக் கட்டிவிடலாம். (1982இல் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியதால், நம் உச்சிவெயில் 12 மணிக்கு வராமல் 1 மணியை ஒட்டி வருகிறது. மதியம் கிளம்புகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.)

ஒரு பிளாஸ்டிக் பை கட்டாயம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியற்காலையில் மேற்கேயிருந்து சுமத்திராக் காற்று மழையோடு திடீரென்று வந்து அடிக்கும்.

கேள்வி: வீட்டைவிட்டு வெளியே வந்ததும் லென்ஸ் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. பழுதா?
— தெம்பனிஸ் வாசகர்

பதில்: பழுதில்லை. குளிரூட்டிய அறையில் சில்லிட்ட கண்ணாடியின் மேல் நம் ஈரக்காற்று படிகிறது, அவ்வளவுதான். படுக்கப் போகுமுன் கேமராவைக் கூடத்தில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால், பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியில் வைத்திருங்கள். சட்டை நுனியால் மட்டும் துடைக்காதீர்கள், கீறல் விழும்.

எனக்குக் கவலை தருவது பூஞ்சைதான். என் அப்பாவின் லென்ஸைத் தோல் உறையிலேயே போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். 2 வருடம் கழித்து எடுத்தால் உள்ளே சிலந்தி வலை போலப் படர்ந்திருந்தது. அப்பா என்னை எடுத்த படங்கள் எல்லாம் அந்த லென்ஸில் எடுத்தவை. அதைக் காப்பாற்ற முடியவில்லை. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் உலர்பெட்டி ஒன்றை இன்றே வாங்கிவிடுங்கள். புது லென்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களைத் தெரியாமல் படமெடுத்தால்தான் இயல்பாக இருக்கும் என்கிறான் நண்பன். சரியா?
— ஜூரோங் வாசகர்

பதில்: எனக்கு அதில் சம்மதமில்லை, தம்பி. வாரத்தில் ஒரு நாள், ஊரோடு போனில் பேசிக்கொண்டு புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே தூர லென்ஸ் வைத்து எட்டிப் பார்ப்பது, அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பதற்குச் சமம். பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள், படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். எடுத்ததை அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அது அன்றிரவே அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

கேட்டால் இயல்பு போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. கேம்பல் லேனில் பூக்கட்டும் அக்கா ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “இந்தச் சேலையிலயா? நாளைக்கு வா” என்றார். மறுநாள் போனபோது, அரக்குப் பட்டு உடுத்தி, தான் கட்டிய மல்லிகையையே தலைநிறைய வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.