மரவேலைக்கு ஸ்கொயர் டிரைவ் ஸ்க்ரூ வாங்கலாமா? எந்த பிட் சரிப்படும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: வீட்டிலேயே அலமாரி, பெஞ்ச் செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள். பலகையில் சாய்வாக ஓட்டை போட ஆன்லைனில் வாங்கிய பாக்கெட் ஹோல் ஜிக்கோடு சதுர முனை வைத்த நீள பிட் (டிரில்லில் மாட்டும் திருப்புளி முனை) ஒன்று வந்திருக்கிறது. இனிமேல் எல்லா வேலைக்கும் மண்டையில் சதுரக் குழி வைத்த ஸ்க்ரூவுக்கே மாறிவிடலாமா, மாறினால் என்ன சைஸ் பிட் வாங்குவது?

எனக்குக் கடை பழைய வண்ணாரப்பேட்டையில். சின்னப் பட்டறைதான், கட்டில், சமையலறை ஷெல்ஃப், அவ்வப்போது பூஜை அலமாரி. என் பதில்: பாக்கெட் ஹோல் வேலைக்கும், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ போடும் இடங்களுக்கும் சதுரம் வாங்குங்கள். மற்ற இடத்தில் ஸ்டாரே, அதாவது கூட்டல் குறிக் குழி வைத்த ஸ்க்ரூவே போதும். பிட் 2ஆம் நம்பர். குட்டையாக ஒன்று, 150 மி.மீ. நீளத்தில் ஒன்று. இவ்வளவு போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். காரணம் வேண்டுமென்றால் தொடர்ந்து படியுங்கள்.

ஸ்டார் ஸ்க்ரூவின் குழிச்சுவர்கள் உள்ளே போகப் போகச் சாய்ந்து குறுகும். திருப்பும் விசை கூடினால் அந்தச் சாய்விலேயே பிட் மேலே ஏறி வெளியே வந்துவிடும். அதனால்தான் டிரில்லைப் பிடித்துக்கொண்டு உடம்பு எடையையே மேலே போட்டு அழுத்துகிறோம். கொஞ்சம் அசந்தால் ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம், ஸ்க்ரூ மண்டை காலி. சதுரக் குழியில் நான்கு சுவரும் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கின்றன. பிட் ஏறி வர வழியில்லை, அழுத்தவும் பெரிதாக வேண்டாம்.

இதைச் செய்து விற்றவர் கனடாக்காரர் ராபர்ட்சன். கருவி விற்கும் ஆள். கடைவீதியில் மைனஸ் திருப்புளியை வைத்து வித்தை காட்டும்போது அது வழுக்கிக் கையைக் கிழித்ததாகவும், அதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்ததாகவும் சொல்வார்கள். 1908இல் ஒன்ராரியோ மாகாணத்தின் மில்ட்டனில் தொழிற்சாலை தொடங்கினார். ஃபோர்டு கம்பெனியின் கனடா ஆலை மாடல் டி காருக்கு இந்த ஸ்க்ரூவை வாங்கியது. ஆனால் ஹென்றி ஃபோர்டு தயாரிப்பு உரிமையில் பிடி கேட்டபோது ராபர்ட்சன் கொடுக்கவில்லை. பிறகு 1930களின் நடுவில் பிலிப்ஸ் ஸ்டார் ஸ்க்ரூ காடிலாக் கார்கள் வழியாக அமெரிக்கா முழுக்கப் பரவி, அங்கிருந்து நம் ஊர் வரை வந்துவிட்டது. கனடாவில் தச்சர்கள் இன்றும் சதுரத்தை விடவில்லை. நல்லது தோற்றதற்குக் காரணம் வியாபாரம்தான், என் கணக்கில்.

சைஸ் விஷயம் குழப்பமே இல்லை. ராபர்ட்சன் வகையில் பிட் நம்பருக்கு ஒரு நிறம்: 0 மஞ்சள், 1 பச்சை, 2 சிவப்பு, 3 கறுப்பு. பிட்டின் கழுத்திலோ திருப்புளிப் பிடியிலோ அந்த நிறம் இருக்கும். ஸ்க்ரூவின் தடிமனுக்குத் தனி நம்பர் உண்டு: அதில் 5 முதல் 7 வரை பச்சை, 8 முதல் 10 வரை சிவப்பு, அதற்கு மேல் தடித்ததற்குக் கறுப்பு. நாம் பிளைவுட்டில் அடிக்கடி போடுவது 8ஆம் நம்பர், அதாவது 4.2 மி.மீ. தடிமன். அதனால்தான் சிவப்பு ஒன்றே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். கீல், சின்ன டிராயர் சானல் போடும் 6ஆம் நம்பருக்குப் பச்சை. மஞ்சளை நம் வேலையில் தேடவே வேண்டாம்.

உங்கள் ஜிக்கோடு வந்த நீள பிட்டும் சிவப்பு 2ஆம் நம்பராகத்தான் இருக்கும். பாக்கெட் ஹோல் ஓட்டை 15 டிகிரி சாய்வில் பலகைக்குள் இறங்குகிறது. ஸ்க்ரூ மண்டை உள்ளே புதைந்து கிடக்கும், பிட்டின் நுனி கண்ணுக்கே தெரியாது. அங்கே ஸ்டார் வழுக்கினால் மழுங்கிய ஸ்க்ரூவைப் பிடித்து இழுக்க இடுக்கி கூட நுழையாது. 18, 19 மி.மீ. பலகைக்கு 32 மி.மீ. ஸ்க்ரூ. பிளைவுட், எம்.டி.எஃப்., மெதுவான மரம் என்றால் அகல மரை, தேக்கு, வேங்கை மாதிரி கெட்டி மரத்துக்கு நெருக்க மரை. கெட்டி மரத்தில் அகல மரையை ஓட்டினால் ஓரத்தில் கீறல் விடும்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். அசல் ராபர்ட்சன் குழி லேசாகக் குறுகிப் போகும், பிட்டும் அதே அளவு குறுகியிருக்கும். ஆப்பு போல இறுகிக்கொள்ளும். பெயருக்கு ‘ஸ்கொயர்’ என்று வரும் சிலவற்றில் இந்தக் குறுக்கம் இருக்காது, பிட் உள்ளே ஆடும். கடையிலேயே பிட்டில் ஸ்க்ரூவை மாட்டி, படுக்கைவாட்டில் பிடித்து லேசாக உதறுங்கள். விழாமல் நின்றால் வாங்கலாம், தொங்கினாலும் ஆடினாலும் வேண்டாம். ஸ்க்ரூவும் பிட்டும் ஒரே கம்பெனியாக இருந்தால் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடும்.

எஸ்.எஸ். ஸ்க்ரூவுக்குச் சதுரம் என்று நான் அடம்பிடிப்பதும் இதனால்தான். 304, 316 ரக எஸ்.எஸ்.ஸைக் காந்தம் பிடிக்காது. காந்த முனை போட்ட பிட் எதுவும் அங்கே உதவாது. ஒரு கையில் பலகை, இன்னொரு கையில் டிரில், ஸ்க்ரூவைப் பிடிக்க மூன்றாவது கை யாருக்கு இருக்கிறது? சதுர பிட் காந்தமே இல்லாமல் கவ்விக்கொள்ளும். போதாததற்கு எஸ்.எஸ். மெதுவான உலோகம், ஸ்டார் குழி இரண்டு முறை வழுக்கினாலே வட்டமாகிவிடும்.

நம் பக்கத்தில் எஸ்.எஸ். ஆடம்பரம் கிடையாது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரத் தெருக்களில் துத்தநாகப் பூச்சு ஸ்க்ரூ உப்புக்காற்றில் சீக்கிரமே வெளுத்து, பிறகு துரு கட்டுகிறது. மாடி பால்கனியில் வைக்கும் பெஞ்ச், துணி காய வைக்கும் கொடிச் சட்டம் இதற்கெல்லாம் 304, அலைச் சத்தம் கேட்கும் தூரம் என்றால் 316. கருவேல மரத்தில் சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டால் ஈரம் பட்டதும் சுற்றிலும் கறுப்புக் கறை இறங்கும். அந்த மரத்தின் பட்டையைத் தோல் பதனிட வைத்திருந்தது எந்தச் சத்துக்காகவோ, அதுவே இரும்போடு சேர்ந்து கறுக்கிறது.

சரி, எங்கே கிடைக்கும்? பாரிமுனை செம்புதாஸ் தெருவில் போய் “ஸ்கொயர் ஸ்க்ரூ இருக்காண்ணா?” என்றால் பாதிப் பேர் சதுரத் தலை போல்ட்டை எடுத்து வைப்பார்கள். குழியைப் படம் போட்டுக் காட்டினேன் ஒரு கடையில். “அது ஓடாதுண்ணா, ஸ்டார்தான் ஓடும், எவ்ளோ வேணும்?” என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான், கேட்கிற ஆள் இல்லாத சரக்கை எதற்கு அடுக்கி வைப்பார்? சிடன்ஹாம்ஸ் ரோடு பிளைவுட் கடைகளிலும் இதே கதைதான். ஆகவே இப்போதைக்கு ஆன்லைன். வேலை நடுவில் தீர்ந்துபோனால் முனைக்கடைக்கு ஓட முடியாது என்பதை மனதில் வைத்துக் கூடுதலாகவே வாங்கிவையுங்கள்.

கிடைக்காமல் போனால் மாற்று டார்க்ஸ், ஆறு முனை நட்சத்திரக் குழி. 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு டி20, 5 மி.மீ.க்கு டி25. அதுவும் வழுக்காது. விசை தாங்குவதில் சதுரத்தைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

ஸ்டாரோடேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், உங்கள் தலைவலியில் பாதி தவறான பிட்டால் வருவது. ஸ்க்ரூ மண்டையை வெளிச்சத்தில் பாருங்கள். கூட்டல் குறியின் கைகளுக்கு நடுவே மூலைவிட்டமாக நான்கு மெல்லிய கோடு தெரிந்தால் அது பி.இசட். (போசிடிரைவ்) வகை. பல சிப்போர்டு ஸ்க்ரூ இப்படித்தான் வருகிறது. அதற்குப் பி.இசட். 2 பிட் போட வேண்டும். கோடு இல்லாதது பி.எச். (பிலிப்ஸ்), கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ எல்லாம் அந்த வகை. டிரில் பெட்டியில் இலவசமாக வரும் பி.எச். 2 பிட்டை இரண்டுக்கும் போட்டு ஓட்டிவிட்டு, ஸ்க்ரூ மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். அப்புறம் அந்தக் கறுப்பு ஸ்க்ரூவைக் கெட்டி மரத்தில் போடாதீர்கள். ஜிப்சம் போர்டுக்கு என்று கடினப்படுத்தியது, வளையாது, பட்டென்று கழுத்து முறியும்.

எந்தக் குழியானாலும் ஸ்க்ரூ போடும் முன் மரத்தில் சின்னதாக முதல் ஓட்டை போடுவது கட்டாயம். 8ஆம் நம்பருக்குத் தேக்கில் 3 மி.மீ., மெதுவான மரத்தில் 2.5 மி.மீ. மேல் பலகையில் மட்டும் 4.5 மி.மீ. போட்டு ஸ்க்ரூ சும்மா நுழையும்படி விடுங்கள், அப்போதுதான் இரண்டு பலகையும் இடைவெளி இல்லாமல் ஒட்டும். சதுரம் வழுக்காது என்பதால் இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. ஸ்டார் வழுக்கி உங்களை நிறுத்தும், சதுரம் நிறுத்தாது, ஸ்க்ரூவையே முறித்துவிடும். டிரில்லில் திருப்பும் விசைக்கு எல்லை வைக்கும் கிளட்ச் வளையத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் சுலபமாக இறங்கும். பட்டறையில் பழைய ஆட்கள் சோப்பு தேய்ப்பார்கள். சோப்பு ஈரத்தை இழுக்கும், நம் காற்றுக்கு அது துருவைக் கூப்பிட்டு உட்கார வைப்பதுதான்.

சதுரம் வேண்டாத இடமும் உண்டு. பெயின்ட் அடிக்கப்போகும் பலகையில் குழி அடைத்துக்கொண்டால் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இன்னொன்று, நாளைக்கு வேறொருவர் கழற்றக்கூடிய சாமான். தண்டையார்பேட்டைப் பக்கம் லைன் வீடுகளில் மாடிப்படி எவ்வளவு குறுகல் என்று தெரியும். வீடு மாற்றும்போது கட்டிலைக் கழற்றாமல் இறக்க முடியாது. வண்டிக்காரர் பையில் ஸ்டாரும் மைனஸும்தான் இருக்கும். சதுரத்தைப் பார்த்தால் சுத்தியலை எடுத்துவிடுவார். அதனால் கட்டில் மூட்டுக்கு நான் போல்ட்தான் போடுகிறேன், திரும்பத் திரும்பக் கழற்றினாலும் மரம் தேயாது. எங்காவது சதுரம் போட்டே ஆக வேண்டும் என்றால், சிவப்பு பிட் ஒன்றைக் கட்டிலின் அடிச்சட்டத்தில் டேப் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். பிட்டின் விலையைக் கூலியிலேயே சேர்த்துவிடலாம், யாரும் கேட்பதில்லை.