தேரைக்கு எதற்குக் குளம்?

கேள்வி: மழை இரவில் வாசலுக்கு வந்த இரண்டு தேரைகளை வளர்த்தே தீருவேன் என்று என் மகன் அடம்பிடிக்கிறான். மூன்றடி நீளப் பழைய மீன் தொட்டி இருக்கிறது. பாதி நீர், பாதி மண்ணும் செடியுமாக அமைத்துக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: பாதி நீரா? ஏற்காட்டில் என் நாற்றங்காலில் நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். பிளாஸ்டிக் தொட்டியை விளிம்புவரை புதைத்து, நீர் நிரப்பி, அல்லிகூட நட்டேன். மூன்றாம் நாள் காலை ஒரு தேரை மல்லாந்து மிதந்தது. வழுக்கும் விளிம்பில் ஏற வழியில்லாமல் நீந்தி நீந்தியே ஓய்ந்திருக்கிறது. தவளையின் நீச்சல் தேரைக்கு வராது. முட்டையிடும் காலம் தவிர அதற்குத் தரைதான் வாழ்க்கை. வாயால் நீர் குடிப்பதும் இல்லை. ஈரத்தில் அடிவயிற்றைப் பதித்து உட்கார்ந்து, தோல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும்.

ஆகவே அகலமான மண் தட்டு ஒன்று போதும். தேரை உட்கார்ந்தால் நீர் அதன் முகவாய்க்குக் கீழே நிற்க வேண்டும். ஏறி வர ஒரு சொரசொரப்பான கல்லைச் சாய்த்து வையுங்கள். குழாய் நீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். தினமும் மாற்றியாக வேண்டும். குளிப்பதும் கழிப்பதும் அதே தட்டில்தான்.

மீன் தொட்டி வேண்டாம். சேலத்துச் சித்திரை வெயிலில் கண்ணாடி அடுப்பாகிவிடும். கொல்லையில் நிழலான மூலையில், நான்கடிக்கு மூன்றடியாகச் செங்கல் அடுக்குங்கள். அடியில் 2 அங்குலம் ஜல்லி. மேலே 6 அங்குலம் செம்மண்ணும் தேங்காய் நார்க்கழிவும். நார்க்கழிவை இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பை நீக்குங்கள். உரம் கலந்த மண் கூடவே கூடாது, அதன் தோல் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரணி, சேம்பு, மணி பிளான்ட் எதுவானாலும் சட்டியோடு புதையுங்கள். பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளிப் பின்பக்கமாகவே உள்ளே இறங்குகிற ஆசாமி, வெறுமனே நட்டதை வேரோடு கிளப்பிவிடுவார். உடைந்த பானையின் பாதியைக் கவிழ்த்தால் படுக்கையறை தயார்.

ஒரு பக்கம் ஒரு செங்கல்லை உருவி வழி விட்டுவிடுங்கள். மகன் முகம் சுளிப்பான், தெரியும். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கு ஆண்டவன் படியளப்பான். கண்ணாடிக்குள் இருக்கும் தேரைக்கு நீங்கள்தான் அளக்க வேண்டும், அதுவும் உயிரோடு அசைகிற பூச்சியாக. செத்ததை அது ஏறெடுத்தும் பார்க்காது. வழி இருந்தால் விளக்கடியில் விழும் ஈசலைத் தானே தேடித் தின்னும். என் நாற்றங்காலில் மிஞ்சிய தேரை விடிவதற்குள் பானைக்கே திரும்பிவிடுகிறது. மழை நாட்களில் மட்டும் இரண்டொரு நாள் தலைமறைவு.

மகனிடம் ஒரு டார்ச் கொடுத்துத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். இரையைக் கண்டதும் பின்னங்கால் விரல் ஒன்று துடிக்கும். பிறகு நாக்கு. விழுங்கும்போது இரண்டு கண்களும் மண்டைக்குள் அமிழ்ந்து இரையைத் தொண்டைக்குள் தள்ளும். என் பேத்தி அதைப் பார்க்கவே தூங்காமல் இருப்பாள்.

தொட்டால் கையைச் சோப்பு போட்டுக் கழுவட்டும். கண்ணுக்குப் பின்னால் புடைத்திருப்பவை நஞ்சுச் சுரப்பிகள். வீட்டில் நாய் இருந்தால் இரவில் கட்டி வையுங்கள். தேரையைக் கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளும்.