பவுடர் இருக்கட்டும், தண்ணீரைச் சோதியுங்கள்

கேள்வி: சென்னிமலைப் பக்கம் இருக்கிறோம். குடிப்பது போர் தண்ணி. ஐந்து வயது மகனுக்கு மாதம் தவறாமல் வயிற்றோட்டம், சளி. வீட்டுக்கு வந்த தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின்காரர், "சாயத் தண்ணில குடல் பாக்டீரியா செத்துப்போச்சுங்க, எதிர்ப்பு சக்தியே இல்லீங்க" என்கிறார். மெஷினும், நல்ல பாக்டீரியா தரும் புரோபயாட்டிக் பவுடரும் வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்கம்மா.

டம்ளரில் இரண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்திருப்பாரே? உங்கள் தண்ணீர் பழுப்பாகப் பொங்கியிருக்கும், அவருடையது தெளிவாக நின்றிருக்கும். அந்தப் பழுப்பு, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. உப்புத் தண்ணீரில் கரண்ட் பாயும், உப்பெடுத்த தண்ணீரில் சரியாகப் பாயாது, அவ்வளவுதான் வித்தை. அவர் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், ஆள் கிளம்பிவிடுவார். டிடிஎஸ் மீட்டரும் உப்பைத்தான் காட்டும். குரோமியம் போன்ற உலோகத்தையோ கிருமியையோ பிரித்துச் சொல்லாது.

குடல் பாக்டீரியா விஷயத்தில் பாதி உண்மை உண்டு. நாம் தின்னும் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துக் குடல் சுவருக்கு இரை தருபவை அவைதான். எதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு அந்தச் சுவரை ஒட்டியே இருக்கிறது. ஈயமும் காட்மியமும் அந்தக் கூட்டத்தைக் கலைப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அதற்காக உங்கள் பையனின் சளிக்கு இதுதான் காரணம் என்று காட்ட ஒரு டெஸ்டும் கிடையாது. தண்ணீரில் இருக்கும் உலோகத்தைப் பவுடர் எடுக்காது. கம்பங்கூழும் கொள்ளும் மோரும் கொடுங்கள்.

எனக்கு முதல் சந்தேகம் மலக்கிருமி மேல். செப்டிக் டேங்க் போருக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறது? தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள்.

ஒரே ஒரு விலக்கு. வீட்டில் ஆறு மாதத்துக்குள் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால், கொதிக்கவைத்தாலும் இந்தத் தண்ணீர் வேண்டாம். உரம், சாக்கடை வழியாக நைட்ரேட் இறங்கியிருக்கலாம். லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு. வற்ற வற்ற அது செறிவாகும். சிசுவின் வயிற்றுப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது, உதடு நீலம் பாயும். தாய்ப்பால் மட்டும் குடித்தால் இந்தப் பயமில்லை.

நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இன்றும் தண்ணீரைச் சோதிக்கக் கேனைத் தூக்கிக்கொண்டு அலைவது குடிக்கிறவன்தான்! குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பணம் கட்டிக் கொடுங்கள். ஈ.கோலை என்கிற மலக்கிருமி, நைட்ரேட், உலோகம் மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் உலோகம் விட்டுப்போகும். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். பழைய கலர் பாட்டிலில் கொண்டுபோனால் பாட்டிலின் கிருமிதான் ரிப்போர்ட்டில் வரும்.

மலத்தில் ரத்தம் வந்தாலோ பையன் எடை குறைந்தாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.