வாரக் கணக்கு பார்க்க ஒரு மணி நேரம்: வாசகர் கேள்வி-பதில்

வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து போன வாரத்தைத் திரும்பிப் பார்ப்பது, வரும் வாரத்துக்கு வழி பண்ணிக்கொள்வது. இந்தப் பழக்கம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஞாயிறு இரவு அழகாகத் திட்டம் எழுதுகிறேன். செவ்வாய் மதியத்துக்குள் எல்லாம் கலைந்துவிடுகிறது. எனக்கு ஒழுக்கம் போதவில்லையா? (தனியார் நிறுவன ஊழியர், சென்னை)

ஒழுக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். திங்கட்கிழமைக்கு மட்டும் பதினொரு வேலை இருக்கிறது. அன்று மூன்று மீட்டிங் என்று நீங்களே கீழே குறித்திருக்கிறீர்கள். அது போக மிஞ்சும் நேரத்தில் நாலு வேலை முடிந்தாலே பெரிய விஷயம்.

ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை நம் மனம் குறைத்தே கணக்குப் போடும். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இலேயே இதைப் பற்றி எழுதினார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். இதற்கு முன்னால் இதே மாதிரி வேலை எவ்வளவு இழுத்தது என்பதை நாம் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அதனால்தான் திட்டம் போடுவதற்கு முன்னால் திரும்பிப் பாருங்கள் என்று வற்புறுத்துகிறேன். 'ஒரு மணி நேரம்' என்று நினைத்த வேலை நிஜத்தில் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். நாலு வாரம் எழுதினால் போதும், கை தானாகவே குறைவான வேலைகளை எழுத ஆரம்பிக்கும். அதுவரை உங்கள் வேலை நேரத்தில் பாதிக்கு மட்டும் திட்டம் போடுங்கள். மீதிப் பாதியை வாரமே எடுத்துக்கொள்ளும்.

உட்கார்ந்ததும் முதலில் எதைச் செய்வது? வெள்ளைத் தாளைப் பார்த்தாலே ஒன்றும் ஓடவில்லை. (கல்லூரி ஆசிரியை, மதுரை)

வெள்ளைத் தாளில் தொடங்கவே வேண்டாம். முதலில் சிதறிக் கிடப்பதை ஒரு இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கைப்பையில் இருக்கும் சீட்டுகள், மேஜையில் கிடக்கும் பில், வாட்ஸ்அப்பில் 'அப்புறம் பார்க்கலாம்' என்று நட்சத்திரம் போட்டு வைத்தவை எல்லாம் ஒரே நோட்டுக்குள் வரட்டும்.

அடுத்து போன வாரக் காலண்டரை நாள் நாளாகப் பாருங்கள். இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் அதிகம் கிடைக்கிறது. சென்ற ஞாயிறு என் நோட்டில் புதன்கிழமைக்கு நேராக 'அம்மா, கண் டாக்டர்' என்று இருந்தது. போய்வந்தாயிற்று, டிக்கும் போட்டாயிற்று. ஆனால் அந்த வரியைப் பார்த்ததும்தான் மறுபடி எப்போது வரச் சொன்னார் என்பதை எங்கேயும் குறிக்கவில்லை என்று உறைத்தது. மருந்துக் கவருக்குள் மடங்கிக் கிடந்த சீட்டைத் தேடி எடுத்தேன். ஆறு வாரம் கழித்து வரவேண்டும். சொட்டு மருந்து பாட்டிலோ ஒரு மாதத்துக்குத்தான் வரும். அன்றைக்கே இரண்டு வரி எழுதினேன்: எந்தத் தேதியில் டாக்டரிடம் நேரம் வாங்குவது, எந்த வாரம் இன்னொரு பாட்டில் வாங்குவது. முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் வேலைகளுக்கு இப்படித்தான் ஒரு வால் இருக்கும்.

மூன்றாவது, வரும் இரண்டு வாரக் காலண்டர். ஒரு வாரம் மட்டும் பார்த்தால் கல்யாணத்துக்கு முந்தைய நாள்தான் ரயில் டிக்கெட் ஞாபகம் வரும். கடைசியாக, இந்த வாரம் முடிந்தே ஆகவேண்டிய மூன்று வேலைகளுக்கு நாளும் நேரமும் குறியுங்கள். நேரம் குறிப்பது முக்கியம். மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது இது: முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டால், வேலை முடியாமலேயே அந்த அரிப்பு அடங்கிவிடுகிறது. ஞாயிறு இரவு நிம்மதியாகத் தூங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வீட்டில் தனியாக உட்கார பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. 'வீட்டு வேலைக்கெல்லாம் நோட்டு எதுக்கு' என்கிறார் கணவர். (இல்லத்தரசி, சேலம்)

அப்படியானால் தனியாக உட்காராதீர்கள். சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும், தட்டு எடுப்பதற்கு முன்னால், எல்லோரும் இருக்கும்போதே மாதக் காலண்டரை நடுவில் வையுங்கள். 'வரும் வாரம் யாருக்கு என்ன இருக்கிறது?' என்று கேளுங்கள். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு 'நாளைக்குச் சார்ட் பேப்பர் வேணும்' என்று சொல்லும் பிள்ளை, சனிக்கிழமையே சொல்லும்.

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு பெயர் எழுதுங்கள். சிலிண்டர் பதிவு, பள்ளிக் கட்டணம், தண்ணீர் கேன் எல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும்வரை அது வேலை என்றே மற்றவர்களுக்குத் தெரியாது. எழுதி மாட்டினால் தெரியும். உங்கள் பெயரே வரிசையாக இருபது முறை வந்தால், பேச வேண்டியதை அந்தக் காலண்டரே பேசிவிடும்.

சிறிய தையல் யூனிட் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிக்கவே இரவாகிவிடும். ஞாயிறு உடம்பு கேட்பதில்லை. (திருப்பூர்)

ஞாயிறு ஓய்வெடுங்கள், அது உங்களுக்கு வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நூல், லேபிள், பாலிபேக் எது குறைந்தாலும் சொல்லி அனுப்ப மறுநாள் சனிக்கிழமை கையில் இருக்கும். ஞாயிறு கண்டுபிடித்தால் திங்கட்கிழமை மெஷின் நிற்கும். பீஸ் கணக்கு எப்படியும் சம்பள நோட்டில் ஏறுகிறது. திரும்பிப் பார்க்கும் வேலையில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

நோட்டா, செயலியா? (பலர்)

எது உங்கள் கையில் எப்போதும் இருக்கிறதோ அது. இரண்டிலும் எழுதாதீர்கள். தேதி உள்ளவற்றுக்கு மட்டும் போன் காலண்டரில் ரிமைண்டர் வைத்தால் போதும்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். வாராவாரம் எதைப் பார்ப்பது? (விழுப்புரம்)

எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்பதைப் பார்க்காதீர்கள். அந்த வாரம் எழுதிய மாதிரித் தேர்வில் தப்பான கேள்விகளை எடுத்து வையுங்கள். தெரியாமல் தப்பானது எது, தெரிந்தும் அவசரத்தில் தப்பானது எது என்று பிரியுங்கள். முதல் வகைதான் அடுத்த வாரப் பாடம்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தேன். ஊர்த் திருவிழாவில் இரண்டு வாரம் விட்டுப்போனது. மறுபடி உட்காரவே கூச்சமாக இருக்கிறது. (கோவில்பட்டி)

கூச்சப்பட ஒன்றுமே இல்லை. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், தினசரிப் பழக்கம் ஒன்று படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. அது தினமும் செய்யும் பழக்கம். நம்முடையதற்கோ வருடத்துக்கே 52 வாய்ப்புதான், ஆகவே மெதுவாகத்தான் படியும். விட்டுப்போன வாரங்களைப் பின்னோக்கி நிரப்பப் பார்க்காதீர்கள். இன்றைய தேதி போட்டு, இனி வரும் வாரத்தை மட்டும் எழுதுங்கள்.

ஒரே வேலை இரண்டு மாதமாக அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போகிறது. அப்பா காலமான பிறகு நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும். என்ன செய்வது? (தஞ்சாவூர்)

உங்கள் நோட்டில் 'பட்டா மாற்றம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரே வேலை இல்லை, பத்து வேலை. எங்கே கை வைப்பது என்று தெரியாததால் கண் அந்த வரியைத் தாண்டிப் போகிறது. அப்பாவின் பெயரைப் பார்க்கும் கனமும் அதில் சேர்ந்திருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து செய்யக்கூடிய ஒன்றை மட்டும் எழுதுங்கள். ஞாயிறு காலை பத்து மணி, பீரோவில் மூலப் பத்திரமும் இறப்புச் சான்றிதழும் எடுத்து ஒரே கவரில் வைக்க. அடுத்த வாரத்துக்கு, இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க. உடன்பிறந்தவர்கள் இருந்தால் கவரை எடுக்கும்போது அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பீரோவை நீங்கள் தனியாகத் திறக்க வேண்டாம்.