மழலையர் வகுப்பு ஆசிரியருக்குக் கட்டாயம் வேண்டிய பொருட்கள் எவை?

முதன்முறையாக மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் வகுப்பை ஏற்கப் போகிறீர்கள், இணையத்தில் கிடைத்த பட்டியல்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, இதில் எதெல்லாம் கட்டாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக இந்த வயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுபவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியல்களில் பாதியைத் தயங்காமல் அடித்துவிடலாம்.

எதை வாங்குவதானாலும் நான் பார்ப்பது ஒன்றுதான். குழந்தை இதை என்னைக் கூப்பிடாமல் எடுக்குமா, பயன்படுத்துமா, திரும்பக் கொண்டுபோய் வைக்குமா? இந்த வகுப்பில் ஆசிரியரின் ஒரு கை யார் மூக்கையாவது துடைத்துக்கொண்டிருக்கும், இன்னொரு கை யார் செருப்பு வாரையாவது மாட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து "மிஸ், மூடி திறக்க வரல" என்று நாலு பேர் வந்து நின்றால் அன்றைய பாடம் அவ்வளவுதான்.

அதனால் முதல் செலவு அலமாரிக்கு. பிள்ளையின் தோள் உயரத்துக்கு மேல் போகாத, கதவு இல்லாத அலமாரி. மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய பள்ளியில் முதலில் பொருட்களைப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். ஒருநாள் ஆசிரியை பூட்ட மறந்துவிட்டார், மறுபடி வருவதற்கும் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். தாழ்வான அலமாரிகள் வந்தது அதற்குப் பிறகுதான். அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகிவிடுங்கள், ஏறாத பிள்ளை கிடையாது. ஒவ்வொரு டப்பாவிலும் உள்ளே இருப்பதன் புகைப்படத்தை ஒட்டி, அதே படத்தை அது இருக்க வேண்டிய தட்டிலும் ஒட்டுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளையும் சரியான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும்.

அடுத்து கத்தரிக்கோல். இதில்தான் பெரும்பாலும் மலிவானதாகப் பார்த்து வாங்குகிறார்கள். முனை மழுங்கியிருக்கலாம், விளிம்பு மழுங்கியிருக்கக் கூடாது. வெட்டாத கத்தரிக்கோல் காகிதத்தைக் கசக்கும். பிள்ளை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு வைத்துவிடும். இடது கைப் பிள்ளைகளுக்குத் தனிக் கத்தரிக்கோல் குறைந்தது இரண்டு இருக்கட்டும். வழக்கமான கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் விரல்கள் கொடுக்கும் அழுத்தம் இரண்டு அலகுகளையும் விலக்கிவிடும், காகிதம் நடுவில் மடிந்து மாட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு மேல் அலகு வெட்ட வேண்டிய கோட்டை மறைத்துவிடும். கைப்பிடி மட்டும் மாறியிருந்தால் போதாது, அலகுகளே இடம் மாறியிருக்க வேண்டும். பழக்கும்போது மெல்லிய தாளைக் கொடுக்காதீர்கள். தடித்த அட்டையை ஒரு விரல் அகல நாடாக்களாக நறுக்கிக் கொடுங்கள். ஒரே வெட்டில் துண்டு கீழே விழ வேண்டும். அதில் வரும் சந்தோஷத்தில் மீதியைத் தானே பழகிக்கொள்ளும்.

கிரேயான் புதுப் பெட்டி வந்ததும் நான் செய்யும் முதல் வேலை அவற்றை உடைப்பது. நீளமான கிரேயானை முஷ்டியால் பிடிக்கும் பிள்ளைக்கு இரண்டு விரற்கடைத் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். முஷ்டிக்கு அதில் இடமில்லை, கட்டை விரலும் பக்கத்து விரல்களும் தாமாக நுனிக்கு வந்துவிடும். பென்சில் பிடிக்கப் போகும் பிடியும் அதுவேதான். எதையும் வாயில் வைக்கும் பிள்ளைகள் இருந்தால் மட்டும் உடைக்காதீர்கள், தடித்த கிரேயானே நல்லது. பசையைக் குப்பியோடு கொடுத்தால் குளம் கட்டிவிடுவார்கள். ஒரு மூடியில் கொஞ்சமாக ஊற்றி, சின்ன பிரஷ் ஒன்று வையுங்கள்.

கட்டைகளுக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். காரலைன் பிராட் என்ற அமெரிக்க ஆசிரியை நூறு வருடத்துக்கும் முன்பு வடிவமைத்த 'யூனிட்' மரக்கட்டைகள் இன்றும் அதே அளவில் கிடைக்கின்றன. தடிமன், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 விகிதம். இரண்டு அரைக்கட்டைகளைச் சேர்த்தால் ஒரு முழுக்கட்டை. யாரும் சொல்லித் தராமலே பிள்ளை அதைக் கையால் கண்டுபிடிக்கும். விதவிதமான வடிவங்களைவிட ஒரே வடிவம் நிறைய இருப்பது முக்கியம். பொம்மைக்கும் இதே கதைதான்: மூன்று வயதுக்காரர்களுக்கு மூன்று வேறு வண்டிகளை வாங்கினால் சண்டை, ஒரே மாதிரி மூன்று வாங்கினால் ஊர்வலம்.

புதிர்ப் படங்கள் வந்த அன்றே ஒவ்வொரு துண்டின் பின்புறமும் அந்தப் படத்துக்கான குறியீட்டைப் போட்டுவிடுங்கள், ஒன்றுக்கு வட்டம், இன்னொன்றுக்கு நட்சத்திரம். எப்படியும் எல்லாம் ஒருநாள் தரையில் கலக்கத்தான் போகிறது. மணற்கடிகாரம் ஒன்று இருந்தால் "இன்னும் கொஞ்ச நேரம்" என்பதைக் கண்ணில் காட்டலாம். தரையில் உட்காரும் இடங்களைக் குறிக்க மாஸ்கிங் டேப் போதும்.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் கூடாது. முதலுதவிப் பெட்டி, கையுறை, மாற்று உடைகள், ஈரத் துணி போட மூடும் பைகள், பெற்றோரின் தொலைபேசி எண்களோடு வருகைப் பட்டியல். அவசரமாக வெளியேற நேர்ந்தால் கையோடு எடுத்துப் போக அந்தப் பட்டியல் கதவருகே தொங்கட்டும். சானிடைசரும் துப்புரவு திரவங்களும் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். சேறு படிந்த கைக்கு எப்படியும் சோப்பும் தண்ணீரும்தான் சரி. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளில் சிறு பாகம் இருக்கிறதா என்று சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்குவது தொண்டையையும் அடைக்கலாம். பட்டன் பேட்டரி, சிறு காந்தம், ஊறிப் பெரிதாகும் தண்ணீர் மணிகள், வெடித்த பலூன் துண்டுகள் எதுவும் வகுப்புக்குள் வரவே கூடாது.

வாங்க வேண்டாதவை: மினுமினுப்புத் தூள் (பிறகு பெருக்கப் போவது நீங்கள்தான்), சுவரை மூடும் சார்ட்டுகள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 24 மழலையர் பள்ளிப் பிள்ளைகளை அலங்காரம் நிறைந்த அறையிலும் வெறும் சுவர் அறையிலும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். அலங்கார அறையில் கவனச் சிதறல் கூடியது, கற்றதும் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் என் அனுபவமும் அதையே சொல்கிறது. பிள்ளைகள் வரைந்த படங்களை அவர்கள் கண்மட்டத்தில் ஒட்டினால் போதும்.

உங்களுக்கென்று இரண்டு பொருட்கள். பெரிய பைகள் வைத்த ஏப்ரன் ஒன்று, அதில் டிஷ்யூ, பேனா, டேப் எப்போதும் இருக்கட்டும். அப்புறம், சக்கரம் வைத்த தாழ்வான முக்காலி. பிள்ளைகளின் நாற்காலியில் நாள் முழுக்கக் குறுகி உட்கார்ந்தால் இடுப்பு தாங்காது. பட்ஜெட் இடித்தால் அலங்காரத்துக்கு ஒதுக்கியதில் கைவைத்து முக்காலியை வாங்கிக்கொள்ளுங்கள்.