ஒப்பிக்காத பிள்ளைகள் வேண்டுமா? வசனத் தாளை எடுத்து உள்ளே வையுங்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஆண்டு விழாவில் போட்டுக் காட்ட, எங்கள் பிள்ளைகளை வைத்து ஒரு நகைச்சுவைக் குறும்படம் எடுக்க ஆசை. ஐந்து முதல் எட்டு வயது வரை ஒன்பது பேர். கையில் இரண்டு செல்போன், ஒரு சனி, ஒரு ஞாயிறு. ஒத்திகையில் எல்லாரும் மனப்பாடச் செய்யுள் மாதிரி வசனத்தை ஒப்பிக்கிறார்கள். ‘அவர் கேங்’ என்ற பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படங்களில் இதே வயதுப் பிள்ளைகள் அத்தனை இயல்பாக இருக்கிறார்களே, அதை எப்படி எடுத்தார்கள்? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: டீச்சர், நீங்கள் பிடித்திருக்கும் உதாரணம் சரியான உதாரணம். புதுச்சேரியில் எடிட்டிங் வேலையோடு, விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கவும் சொல்லித் தருகிறேன். நான் பிள்ளைகளோடு வேலை செய்யும் முறையில் பாதி அந்தப் படங்களைப் பார்த்துக் கற்றதுதான்.

லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய கல்வர் சிட்டியில் ஹால் ரோச் வைத்திருந்த ஸ்டுடியோவில் 1922-ல் அந்தத் தொடர் ஆரம்பித்தது. 1938-ல் ரோச் அதை எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு விற்றார். 1944 வரை மொத்தம் 220 குறும்படங்கள் வந்தன. தொடரின் முகத்தை உருவாக்கிய இயக்குநர் ராபர்ட் மெக்கோவன். அவரிடம் வந்த பிள்ளைகளில் பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாது. ஆகவே ஸ்கிரிப்ட் பெரியவர்களின் கையோடு நின்றுவிடும். ஷாட்டுக்குச் சற்று முன்னால் பிள்ளைகளைக் கூட்டி, என்ன நடக்கப் போகிறது என்று கதையாகச் சொல்வார். கேமரா ஓடும்போதும் பேசிக்கொண்டே இருப்பார்: அந்தப் பக்கம் பார், அவன் வருகிறான், ஒளிந்துகொள். ஊமைப் படம்தானே, இயக்குநரின் குரல் யார் காதிலும் விழாது. பிள்ளைகள் தாமாக ஏதாவது செய்தால் அதையும் படத்தில் சேர்த்துக்கொள்வார்.

1929-ல் ‘ஸ்மால் டாக்’ படத்தோடு இந்தத் தொடர் பேசத் தொடங்கியது. அதோடு அந்த வசதி போயிற்று. மைக் இருக்கும் இடத்தில் இயக்குநர் வாயைத் திறக்க முடியாது, பிள்ளைகளுக்கோ பேச வசனம் வேண்டும். ஆரம்பப் பேசும் படங்களில் சில இடங்களில் பிள்ளைகள் அடுத்த வரிக்காகக் காத்து நிற்பது எனக்குத் தெரிகிறது. உங்கள் ஒத்திகையில் நடப்பதும் அதேதான்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: நீங்கள் நினைத்தால் ஊமைப் படக் காலத்துக்கே திரும்பிப் போகலாம். பத்தில் எட்டு ஷாட்டை ஊமையாக எடுங்கள். போன் பாட்டுக்கு ஓடட்டும், பக்கத்தில் நின்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருங்கள். எடிட்டிங்கில் அந்தச் சத்தத்தை முழுதாக எடுத்துவிட்டு, வேறு ஒலி வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வாய் திறந்து பேசியே ஆகவேண்டிய வரிகள் படம் முழுவதற்கும் பத்து, பன்னிரண்டு இருந்தால் போதும். அந்த வரிகளையும் எழுதிக் கொடுக்காதீர்கள். சங்கதியைச் சொல்லி, அவன் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே விடுங்கள்.

வைத்திக்குப்பத்தில் ஒரு திண்ணையில் எடுத்தது நினைவுக்கு வருகிறது. ஆறு வயதுப் பையன் ஒருவன், நண்பன் சாப்பிடும் பால் ஐஸைக் கேட்க வேண்டும். ‘எனக்கும் கொஞ்சம் கொடேன்’ என்று வசனம் எழுதியிருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்து, திருக்குறள் போட்டி மாதிரி சொன்னான். நான்கு டேக், நான்கும் அதே. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு அவன் காதில் சொன்னேன்: “தம்பி, வாயால கேக்கக் கூடாது. ஆனா அந்த ஐஸ் உன் கைக்கு வந்துடணும்.” கேமராவை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். நண்பனின் மணிக்கட்டில் ஐஸ் உருகி வழிவதையே பார்த்தான். அப்புறம் மெதுவாக, “டேய், உன் கையில எறும்பு” என்றான். நண்பன் பதறிப்போய்க் கையை உதற வர, “இரு, நான் புடிச்சுக்கறேன்” என்று ஐஸை வாங்கிக்கொண்டான். படம் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தது அந்த இடத்துக்குத்தான். அதை நான் எழுதவே இல்லை.

பிள்ளைக்கு வரியைக் கொடுக்காதீர்கள், வேலையைக் கொடுங்கள். ‘சோகமாக இரு’ என்றால் உதட்டைப் பிதுக்குவான். ‘டீச்சருக்குத் தெரியாமல் இந்தப் பென்சில் டப்பாவை அந்தப் பைக்குள் போடணும்’ என்றால் கண், கழுத்து, கால் விரல் எல்லாம் நடிக்கும்.

யாருக்கு எந்த வேடம் என்பதையும் இப்படியே முடிவு செய்யுங்கள். இந்தத் தொடருக்கான யோசனை எப்படி வந்தது என்று ரோச் பிற்காலத்தில் சொன்ன கதை ஒன்று உண்டு. மேக்கப் பூசி, பாடம் சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்த ஒரு சிறுமியின் நடிப்பைப் பார்த்து அலுத்துப்போய் ஜன்னல் வழியே பார்த்தாராம். எதிரே மரக்கடையில் எடுத்த கட்டைகளுக்காகச் சில பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குட்டிப் பையன் கையில் பெரிய கட்டை, பெரியவனுக்கு அது வேண்டும். கொஞ்ச நேரத்தில் தூக்கி எறியப் போகிற கட்டைதான், ஆனால் அந்த நேரத்தில் அவர்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இல்லை. நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்ததாக ரோச் சொன்னார். நீங்கள் மதிய உணவு இடைவேளையில் ஒரு ஓரமாக உட்காருங்கள். பங்கு பிரிக்கிறவன், கோள் சொல்கிறவள், எதையும் நம்புகிறவன் எல்லாரும் அங்கேயே கிடைப்பார்கள்.

ஆளுக்கு ஓர் அடையாளமும் வேண்டும். ஒன்பது பேரும் சீருடையில் நின்றால் பார்ப்பவருக்குக் குழம்பும். ‘அவர் கேங்’கில் நாய் பீட்டுக்குக் கண்ணைச் சுற்றி வட்டம், அல்ஃபால்ஃபா என்ற பையனுக்கு உச்சியில் நட்டுக்கொண்டு நிற்கும் முடி, ஸ்டைமி என்ற பையனுக்கு நகைச்சுவை நடிகர் ஸ்டான் லாரல் கொடுத்த வட்டத் தொப்பி. உங்களுக்கு அண்ணனின் தொளதொளச் சட்டை ஒன்று, மஞ்சள் ரிப்பன் ஒன்று, கழுத்தில் தொங்கும் தண்ணீர் பாட்டில் ஒன்று போதும்.

நீளத்துக்கு வருவோம். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ரீல் 1,000 அடி, பேசும் படத்தின் வேகத்தில் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். பல ஆண்டுகள் இரண்டு ரீலில், 20 நிமிடமாக எடுத்தவர்கள் 1936-ல் ஒரே ரீலுக்குச் சுருக்கினார்கள். அந்த ஆண்டு கார்டன் டக்ளஸ் இயக்கிய ‘போர்ட் ஆஃப் எஜுகேஷன்’ ஒரு ரீல் குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. பள்ளிக்கூடம் போக மனமில்லாத ஸ்பாங்கி என்ற பையனும் அல்ஃபால்ஃபாவும் கன்னத்துக்குள் பலூனை அடக்கிப் பல்வலி என்று நடிக்கிறார்கள். வெளியே வந்த பிறகுதான் வகுப்பில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் என்று தெரிகிறது. எப்படித் திரும்ப உள்ளே போவது? அவ்வளவுதான் கதை. ஒரு ஆசை, ஒரு பொய், அந்தப் பொய்யே குறுக்கே நிற்பது. உங்கள் படமும் எட்டு நிமிடத்துக்குள் முடியட்டும். கதையை இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை என்றால் இரண்டு நாளில் எடுக்க முடியாது.

அந்தப் படங்களிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. இன ஒதுக்கல் சட்டங்கள் அமெரிக்காவில் நடப்பிலிருந்த காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒன்றாக விளையாடுவதைக் காட்டியது பெரிய காரியம். அந்தக் கறுப்பினப் பிள்ளைகளில் எர்னி மாரிசன், ஆலன் ஹாஸ்கின்ஸ், ஸ்டைமியாக நடித்த மேத்யூ பியர்ட் எல்லாரும் அருமையான நடிகர்கள். ஆனாலும் அவர்கள் நிறத்தையும் இனத்தையும் வைத்துச் செய்த கேலிகள் அந்தப் படங்களில் இருக்கின்றன, இன்று பார்க்க மனசு வலிக்கிறது. நம் பிள்ளைகளிலும் கறுப்பு, குண்டு, திக்குவாய் என்று எதையும் சிரிப்புக்கு எடுக்காதீர்கள். விழாவில் ஒரு நாள் சிரித்துவிட்டுப் போவார்கள், அந்தப் பெயர் பிள்ளையோடு பத்தாம் வகுப்பு வரை வரும்.

சில நடைமுறை விஷயங்கள். போனைப் பிள்ளையின் கண் உயரத்துக்கு இறக்குங்கள், நீங்கள் மண்டி போட வேண்டியிருக்கும். ஒரு போனில் எல்லாரும் தெரியும் வைட் ஷாட், இன்னொன்றில் ஒரு முகம் மட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடட்டும், ஏனென்றால் ஒரு முறை இயல்பாகச் செய்ததை மறுபடி செய் என்றால் பிள்ளை நடிக்க ஆரம்பித்துவிடும். ‘கட்’ சொன்ன பிறகும் பத்து விநாடி நிறுத்தாதீர்கள், நல்ல சிரிப்புகள் அங்கேதான் விழும்.

சில்வர் பீச்சில் எடுப்பதானால் ஒன்று கவனியுங்கள். காலையில் வெயில் கடல் பக்கமிருந்து வரும், கடல் பின்னால் தெரிய நிறுத்தினால் முகம் இருட்டடிக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் ஊர்ப் பக்கமிருந்து முகத்தில் விழும், அப்போது கடலைப் பின்னால் வைக்கலாம். உச்சி நேரத்தை ஒட்டிக் கடற்காற்று ஏறிவிட்டால் மைக்கில் புஸ் புஸ் என்றுதான் கேட்கும். ஆகவே பேசும் காட்சிகளைக் காலையிலேயே பள்ளி வராந்தாவில் முடித்துவிடுங்கள். கடற்கரையை ஊமை ஷாட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அலை ஓரம் எத்தனை பிள்ளைகள் போகிறார்களோ, அதற்குத் தக்க பெரியவர்கள் கூட இருக்க வேண்டும். படம் எடுப்பவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெற்றோரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்குங்கள். பள்ளி விழாவோடு நிற்காமல் வணிக ரீதியாகப் போகும் எண்ணம் இருந்தால் குழந்தைத் தொழிலாளர் சட்ட விதிகள் பொருந்தும். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். புதுச்சேரிக்கு வந்தும் சில காட்சி எடுத்தால் அங்கேயும் தனியாகக் கேட்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிள்ளையை வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் வேண்டும். விழாவுக்கு மட்டும் எடுத்தாலும் இந்த நேரக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் இரண்டரை மணி நேரம் தாண்டினால் அந்த வயதுப் பிள்ளையிடம் ஒன்றும் கிடைக்காது.

இசைக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம், பிறகு இணையத்தில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினை வரும். லீராய் ஷீல்டு அமைத்த சில சின்ன மெட்டுகளையே ரோச் ஸ்டுடியோ படத்துக்குப் படம் திருப்பித் திருப்பிப் போட்டது, லாரல் - ஹார்டி படங்களிலும் அதே மெட்டுகள்தான். உங்கள் பள்ளியில் ஆர்மோனியமோ புல்லாங்குழலோ வாசிக்கிறவர் இருந்தால் இருபது விநாடி மெட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், படம் முழுக்கத் தாங்கும்.

எடுத்து முடித்ததும் உடனே மூட்டை கட்டாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரையும் இரண்டு நிமிடம் சும்மா இருக்கச் சொல்லி அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள்: காக்கை, தூரத்து பஸ் ஹார்ன், அலை. அடுத்த இரண்டு நிமிடம் பிள்ளைகளை இஷ்டத்துக்குக் கத்தவிட்டு அதையும் பதிவு செய்யுங்கள். உங்கள் குரலை நீக்கிய இடங்களிலெல்லாம் இந்த இரண்டையும்தான் போட்டு நிரப்பப் போகிறீர்கள்.