லாசி தரவு கற்க 25,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: சமூகப்பணியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தனியாக வாழும் முதியோரின் உடல்நலம்தான் தலைப்பு. லாசி (45-உம் அதற்கு மேலும் வயதானவர்களைப் பற்றிய இந்திய அளவிலான கணக்கெடுப்பு) தரவை வைத்துச் செய்யுமாறு நெறியாளர் சொல்லிவிட்டார். எனக்கு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் சதவீதம் போடத் தெரியும், அவ்வளவுதான். ஐந்து நாள் பயிற்சி, சான்றிதழ், லாசி கோப்பு எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் என்கிறது ஒரு பயிற்சி மையம். சேரலாமா?
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: சேராதீர்கள். கோப்புக்கும் சேர்த்துக் காசு கேட்கிறார்களே, அந்த ஒன்றே போதும் விலகி நிற்க. லாசி தரவு இலவசம். மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்துக்கு, என்ன ஆய்வு, எந்தப் பல்கலைக்கழகம் என்று படிவம் நிரப்பி அனுப்பினால் தருவார்கள். வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. கைமாறி வரும் கோப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு: பதில் சொல்லாதவர்களை எல்லாம் யாராவது 'இல்லை' என்று மாற்றிவைத்திருக்கலாம். அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இதைவிட மோசம், "பகுப்பாய்வும் நாங்களே செய்து தருகிறோம்" என்பவர்கள். கட்டு கட்டாக அட்டவணை அச்சாகி வரும். வாய்மொழித் தேர்வில் "இந்த 31 சதவீதம் மொத்தம் எத்தனை பேரில்?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. மாணவர்கள் இவர்களிடம் ஓடுவதற்குக் கல்லூரிகளும் பொறுப்பு. ஆய்வு முறையியல் தாளில் மாதிரியெடுப்பின் வகைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஒரு உண்மையான தரவுக் கோப்பைத் திறந்து காட்டுவதில்லை. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் அதில் வேலை செய்ய உதவும் ஆர்ஸ்டுடியோவும் இலவசம். கணினி அறை பூட்டிக் கிடக்கிறது. எப்போதுதான் திறப்பார்கள்?

கற்கும் வழிக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் மென்பொருளைத் தொடாதீர்கள். லாசி கேள்வித்தாளைப் படியுங்கள். எந்தக் கேள்விக்கு 'இல்லை' என்றால் அடுத்த எத்தனை கேள்விகள் தாண்டப்படுகின்றன என்று பென்சிலால் குறியுங்கள். தாண்டப்பட்டவரின் கட்டம் காலியாக இருக்கும். அவர் மறுத்தவரும் அல்ல, தெரியாது என்றவரும் அல்ல. பிறகு ஆரில் ஹேவன் (haven) என்ற கூடுதல் தொகுப்பால் கோப்பைத் திறந்து, லாசியின் தமிழ்நாட்டு உண்மைத்தாளில் (முக்கிய முடிவுகளின் சுருக்கம்) அச்சான ஏதாவது ஒரு சதவீதத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். தசமம் வரை ஒத்துவரும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: வயது, எடை, காலிக் கட்டம்.

லாசியின் முதல் சுற்று 2017–18இல் நடந்தது. அதில் 72,250 பேர். ஆனால் 45-உம் அதற்கு மேலும் வயதானவரின் கணவனோ மனைவியோ எந்த வயதானாலும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். 60-உம் அதற்கு மேலும் வயதானோர் 31,464 பேர்தான். முதலில் வயதால் வடிகட்டுங்கள்.

எடை என்பது, மாதிரியில் உள்ள ஒருவர் வெளியே எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறார் என்பதைக் காட்டும் எண். தமிழ்நாட்டை மட்டும் பார்த்தால் மாநில எடை, இந்தியா முழுவதும் என்றால் இந்திய எடை. ஆரில் சர்வே (survey) தொகுப்பிடம் எடையோடு ஊர்த்தொகுதியையும் (யார் யார் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட்டவர்கள் என்பதையும்) சொல்லுங்கள். ஒரே தெருவில் எடுத்த முப்பது பேரும் முப்பது தனித்தனிச் சான்றுகள் அல்ல. தொகுதியைச் சொல்லாமல் விட்டால் பிழை வரம்பு சுருங்கி, எல்லாமே புள்ளியியல்படி 'முக்கியத்துவம் உடையது' என்று வந்துவிடும்.

காலிக் கட்டத்தில் ஸ்டேட்டா பயன்படுத்துவோர் விழும் குழி ஒன்று உண்டு. அந்த மென்பொருளுக்குக் காலிக் கட்டம் என்பது எந்த எண்ணையும்விடப் பெரியது. மனச்சோர்வு மதிப்பெண் 4-உம் அதற்கு மேலும் என்று கட்டளையிட்டால், பதிலே சொல்லாத பாட்டியும் மனச்சோர்வுக் கணக்கில் ஏறிவிடுவார். 'காலி அல்லாதவை மட்டும்' என்று கூடவே எழுத வேண்டும். ஆரில் காலி காலியாகவே நிற்கும்.

இனி உங்கள் தலைப்புக்கே உரிய சிக்கல். நிதானமாகப் படியுங்கள், ஆய்வேடு நிற்பதும் விழுவதும் இங்கேதான். கைம்பெண் என்பதும் தனியாக வாழ்பவர் என்பதும் ஒன்றல்ல. வீட்டு உறுப்பினர் பட்டியலை எண்ணித்தான் ஒருவர் தனியாக வாழ்கிறாரா என்று முடிவு செய்ய வேண்டும். லாசி வீடுகளில் எடுத்த கணக்கெடுப்பு, முதியோர் இல்லங்கள் அதில் இல்லை. அப்படி எண்ணிப் பார்த்தபின், தனியாக வாழ்வோரின் உடல்நலம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தெரியலாம். தனிமை நல்லது என்று உடனே எழுதிவிடாதீர்கள். விழுந்து இடுப்பு உடைந்த பாட்டியை மகள் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறாள். அன்றோடு அவர் உங்கள் 'தனியாக வாழ்வோர்' பட்டியலில் இல்லை. எஞ்சி நிற்பவர்கள் நடமாட முடிந்தவர்கள். நினைவாற்றல் தேர்வில் இந்தத் திரிபு இன்னும் கூடும். பேச முடியாதவருக்காகக் குடும்பத்தில் ஒருவர் பதில் சொல்லலாம். ஆனால் பத்துச் சொற்களைக் கேட்டு நினைவுகூரும் தேர்வை அவருக்காக இன்னொருவர் எழுத முடியாது. ஆக மிகவும் மறதி உள்ளவர்கள் சராசரியிலேயே வருவதில்லை. தனியாக இருப்பவருக்கோ பதில் சொல்லப் பக்கத்தில் யாருமில்லை. ஆகவே தனியாக வாழ்வோர், மற்றவர்களோடு வாழ்வோர் என்ற இரண்டு பிரிவிலும் விடுபட்டவர் எத்தனை என்று முதல் அட்டவணையிலேயே காட்டுங்கள். ஒரு சுற்றை மட்டும் வைத்துக்கொண்டு 'தனிமையால் வந்தது' என்று எழுதாதீர்கள். 'தனிமையோடு சேர்ந்து காணப்பட்டது' என்றே எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் தனியாக வாழும் முதியோரை ஆண், பெண், கிராமம், நகரம் என்று பிரித்துக்கொண்டே போனால் அட்டவணையின் ஒரு கட்டத்துக்குச் சிலரே மிஞ்சுவர். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு அறிக்கையில் எடையிடாத எண்ணிக்கை 25-க்குக் கீழே போனால் சதவீதத்தை அச்சிடுவதில்லை, 25 முதல் 49 வரை அடைப்புக்குறிக்குள் தருகிறார்கள். அதே முறையை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கட்டளையையும் ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதிச் சேமியுங்கள். பொத்தான் அழுத்திச் செய்ததை ஆறு மாதம் கழித்து யாராலும் திரும்பச் செய்ய முடியாது. எங்காவது மாட்டிக்கொண்டால் அந்தக் கோப்பையும் ஒத்துவராத எண்ணையும் எடுத்துக்கொண்டு, உங்கள் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையில் ஓர் ஆசிரியரைப் பாருங்கள்.